காணாமல் போன ‘கல்’

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெண் பார்த்த வீட்டில் நல்ல பெயர் வாங்க நினைத்து, அந்தப் பெண் ஆறு வருடமாக எழுதியதைப் பத்தே நிமிடத்தில் நாசமாக்கிய மாப்பிள்ளை நான்.

அப்போது பெரம்பலூரில் வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். (செய்தது மூன்று கடைகளுக்கு. பேச்சைக் கேட்டால் முந்நூறு என்று தோன்றும்.) அரியலூரில் பார்த்த பெண் தேன்மொழி, அறிவியல் டீச்சர். ஒரு காலத்தில் கடலாக இருந்த அந்தப் பூமியில், ஓடைகளில் கிடைக்கும் கல்லாகிப்போன நத்தை, சிப்பிகளைப் பற்றி பிளாக் எழுதிவந்தாள். “யோசிச்சுச் சொல்றோங்க” என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருந்த நாட்களில் அவளே போன் செய்தாள்.

“பிளாக் பூரா ‘கல்’னே எழுதிட்டேங்க. ‘புதைபடிவம்’னு மாத்தித் தர முடியுங்களா?”

“அஞ்சு நிமிஷ வேலைங்க!”

பாஸ்வேர்டு வந்தது. எல்லாப் பதிவுகளிலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட ஒரே பட்டன் போதும். முதலில் நகல் எடுத்து, அதில் செய்து பார்ப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் வேலை என்று நினைத்திருந்த காலம். ஊரே படிக்கும் பிளாக்கில் நேராக அமுக்கினேன்.

தமிழில் ‘கல்’ எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கல்லூரி, ‘புதைபடிவம்லூரி’ ஆகியிருந்தது. பொங்கல், ‘பொங்புதைபடிவம்’. அவளுடைய அக்கா கல்யாணம், ‘புதைபடிவம்யாணம்’.

பழையபடி ஆக்கிவிடப் பார்த்தேன். ‘புதைபடிவம்’ என்பதை எடு என்று போட்டவன், பதிலுக்கு என்ன வேண்டும் என்ற கட்டத்தை நிரப்பாமலே பதற்றத்தில் மறுபடி அமுக்கித் தொலைத்தேன். கல்லும் போச்சு, புதைபடிவமும் போச்சு. மிஞ்சியது ‘லூரி’, ‘பொங்’, ‘யாணம்’.

அந்த நேரம் பார்த்து அம்மா எட்டிப் பார்த்தார். “பொண்ணு வூட்டுல ஏதாவது சொன்னாங்களாடா?”

“இன்னும் இல்லம்மா. இனிமே சொல்லுவாங்க.”

மறுநாள் பஸ் ஏறி அரியலூர் போய், அவளிடமும் அவள் அப்பாவிடமும் நடந்ததைச் சொன்னேன். இத்தோடு சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

தேன்மொழி கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினாள். சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுருள் நத்தை, எந்த ஓடை, எப்படிக் கிடந்தது என்று ஒரு சீட்டு, எடுப்பதற்கு முன் பிடித்த போட்டோ.

“கெடந்தது கெடந்தபடி பதிஞ்சுக்காம கை வைக்க மாட்டேங்க. எடுத்துட்டா திரும்ப அதே மாதிரி வைக்க முடியாதுல்ல?”

பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஞாயிறுதோறும் எடுத்த பிளாக் நகல் வரிசையாக இருந்தது. கடைசி நகல், எனக்குப் பாஸ்வேர்டு அனுப்புவதற்குச் சற்று முன் எடுத்தது.

“நீங்க கை வைக்கப் போறீங்கள்ல, அதான்.”

அசந்துபோனேன். அரை மணி நேரத்தில் ஆறு வருட எழுத்தும் திரும்ப வந்தது. கல்யாணம் ‘கல்’லோடு வந்து நின்றபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் தொழிலின் அரிச்சுவடியை, அந்தத் தொழிலே தெரியாத ஒருத்தி ஓடையில் குனிந்து குனிந்து கற்றுவைத்திருந்தாள். தனியாக ஒரு நகல் போட்டுக் கொடுத்து, அதில் ஒவ்வொரு பதிவாக என்னையே மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.

“தப்புப் பண்ணாலும் பஸ் ஏறி வந்து சொன்னாருல்ல” என்று அவள் அப்பா சம்மதித்தார்.

இன்றைக்கும் எங்கள் திருமண நாளன்று குடும்ப வாட்ஸ்அப்பில் மாமனாரின் செய்திதான் முதலில் வரும். “இனிய யாண நாள் வாழ்த்துகள்!”

“கல் எங்கப்பா?” என்று கேட்பாள் தேன்மொழி.

“மாப்பிள்ளைகிட்ட கேளு.”