ஹாலுக்குப் போன தலையணை

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மனைவியின் தலையணையைப் படுக்கையறைக்கு மீட்டுவராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதென்று ஏசி மெக்கானிக் சபதம் செய்தார். மனசுக்குள்தான் செய்தார். வெளியே சொன்னால் அவளே பிளேடு எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

தலையணை ஹாலுக்குக் குடிபோய் நாலு மாதம் ஆகிறது. மாதவிடாய் நின்றதிலிருந்து அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்து ஊற்றும். இவர் ஆசையாகக் கையைப் போட்டால், "கைய எடுங்க, அனலா அடிக்குது" என்பாள். மீறி நெருங்கினால், "வலிக்குதுங்க" என்பாள். ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் மின்விசிறிக்கு அடியில் போய்விட்டாள்.

கோளாறு என்னவென்று கேட்கும் பழக்கம் மெக்கானிக்கிடம் கிடையாது. வாடிக்கையாளர் "இதுல என்னன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் மூடியைக் கழற்றிவிடுவார். மனைவி விஷயத்திலும் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார்: தன்மேல் இருந்த ஆசை போய்விட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குச் சலித்துப்போனோமே என்று மருகினார். சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, மூன்றாம் தடவை போட்டுக்கொண்டது இறங்கவில்லை.

ஊரையே குளிரவைத்தவர் வீட்டில் ஏசி இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "நாள் பூரா அது முகத்துலதான் முழிக்கிறேன், வீட்லயுமா?" என்று தட்டிக்கழித்துவந்தார். சமையலறையில் உறுமும் கிழட்டு ஃப்ரிட்ஜையும் மாற்ற மாட்டார். அது எத்தனை முறை செத்தாலும் உயிர் கொடுத்துவிடுவார். இப்போது வேறு வழியில்லை. ஞாயிறு காலை புத்தம்புது ஏசியோடு வந்து ஏணியில் ஏறினார்.

"என்னங்க திடீர்னு?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"அப்படியா? காத்து நேரா மூஞ்சில அடிக்காம கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. பதினெட்டுல வச்சுக்கலாம்."

"பதினெட்டா? நான் விறைச்சுப் போயிடுவேன்."

"உங்க ஸ்வெட்டரைத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

அதை எப்போது துவைத்தாள் என்று மெக்கானிக் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் தலையணை கட்டிலுக்கு வந்தது. மீசை தப்பித்தது. ஸ்வெட்டருக்குள் பல் கிட்டிக்க, மெக்கானிக் பெருமையாகக் கேட்டார்.

"எப்படி? உன் கோளாறை ஒரே நாள்ல சரி பண்ணிட்டேன் பாத்தியா?"

"அது சரியாகி ரெண்டு மாசமாச்சே."

"என்னது?"

"லேடி டாக்டர்கிட்ட போனேன். ஹார்மோன் குறைஞ்சா சூடும் வரும், உள்ள வறண்டுபோய் வலியும் வரும், இதுக்குப் போய் வெக்கப்படலாமான்னாங்க. என் உடம்பை எல்லாம் செக் பண்ணிட்டு மாத்திரை, தடவிக்க க்ரீம் ரெண்டும் குடுத்தாங்க. இப்ப சூடும் இல்ல, வலியும் இல்ல."

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்மேல ஆசை?"

"அது இருந்ததாலதானே டாக்டர்கிட்டயே போனேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. குளிரின்மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு மாசமா ஹால்ல படுத்த?"

"என்னன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. அதுக்குள்ள நீங்க ஃபோன்ல ஏசி விலை விசாரிச்சது காதுல விழுந்துச்சு. சரி, அது வர்ற வரைக்கும் அங்கேயே இருப்போம்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருந்த அவர் கையை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அவருக்குக் குளிர் விட்டுப்போயிற்று. இனி எந்தக் கோளாறானாலும் முதலில் வாயைத் திறந்து கேட்பது என்று அடுத்த சபதத்தையும் செய்தார்.

மறுநாள் காலை கண் விழித்தால் பக்கத்தில் தலையணையைக் காணோம். பதறிப்போய் ஹாலுக்கு ஓடினார். அங்கே இல்லை.

சமையலறையில், கிழட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் இருந்தது.