வாட்ச்காரரின் விரல் வைத்தியம்

டாக்டர் வாசலை மிதிப்பதில்லை என்று வாட்ச்காரர் முடிவு செய்துவிட்டார். நாற்பது வருஷமாக ஊர் நேரத்தையே ஓட்டிய விரல்கள்! அதை இன்னொருத்தன் பிடித்து அமுக்கிப் பார்ப்பதா? கணுவெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் காலை போய் மத்தியானம் வந்துவிடும். ஆனால் விரலைவிட கௌரவம்தான் பெரிசாக வீங்கியிருந்தது.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"என் கைக்கு நான்தான் டாக்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள நீதிபதி ஐயா வாட்ச் ஓடலேன்னா, கடைய மூடிடறேன். போதுமா?"

ஓய்வுபெற்ற நீதிபதியின் தாத்தா கட்டிய வாட்ச் அது. வீட்டு முன்னறைதான் கடை. அங்கே மேஜைமேல் பிரித்துப்போட்டபடி கிடந்தது.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. காலையில் வெந்நீரில் கை. மத்தியானம் இஞ்சி எண்ணெய், அதன்மேல் மஞ்சள் பற்று, அதன்மேல் துணிக்கட்டு. கூடவே மீன் எண்ணெய் மாத்திரை, எலும்புக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஒன்று. இவர் தலை தெரிந்தாலே மருந்துக் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். எல்லாம் முடிந்ததும், குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கைக்கட்டோடும் படுத்து, நாலு மணிவரை குறட்டை. சுவர்க் கடிகாரங்களெல்லாம் தாளம் தவறும்.

மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. தூங்கி எழுந்து வந்து பார்த்தால், காலையில் அரைகுறையாக விட்ட ரெண்டு வாட்ச் டிக்டிக் என்று ஓடுகின்றன.

"இந்தா, இத நான் எப்ப முடிச்சேன்?"

"காலையிலதான் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தீங்களே!" என்றாள் மனைவி.

"ஞாபகமே இல்லையே."

"விரல் அவ்வளவு வேகமாயிடுச்சு போல. ஞாபகம் பின்னாலயே ஓடி வந்து மூச்சு வாங்குது."

வாட்ச்காரருக்கு மார்பு விரிந்து சட்டை பத்தாமல் போயிற்று. பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூப்பிட்டார்.

"இந்த விரலப் பாருய்யா. வேலை செய்யறது எனக்கே தெரியல!"

"வீக்கம் அப்படியே இருக்கே அண்ணே?"

"அது வீக்கமில்லய்யா. பலம்!"

வியாழக்கிழமை நீதிபதியின் வாட்சும் ஓடியது. மறுநாள் அவர் வந்து காதில் வைத்துக் கேட்டார்.

"பிரமாதம்! முன்னெல்லாம் நீங்க பார்த்துக் குடுத்தா வாரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தும். இப்ப கேட்டாலே தெரியுது, ஓட்டம் அவ்வளவு சுத்தம்."

"எல்லாம் இஞ்சி எண்ணெய்ங்க ஐயா!"

"பின்மூடியில ஒரு ஸ்க்ரூ மட்டும் லேசா ஆடுது. ஒரு திருகு திருகிடுங்க."

வாட்ச்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ராஜ தோரணையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். விரல் மடங்கவில்லை. பல்லைக் கடித்து மடக்கினார். டிரைவர் வழுக்கியது; ஸ்க்ரூ எகிறி, நீதிபதியின் மூக்குக் கண்ணாடியில் டங்கென்று மோதித் தரையில் விழுந்தது. எள்ளில் பாதி இருக்கும். இருந்த இடம் தெரியவில்லை.

நாற்பது வருஷக் கௌரவம் தரையில் உருண்டு கிடந்தது.

மனைவி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள். குனிந்து, சாமணம் என்கிற குட்டி இடுக்கியால் தரையிலிருந்த ஸ்க்ரூவைக் கொத்தி எடுத்து மூன்றே திருகு. மூடி பொருந்தியது.

நீதிபதி அவளைப் பார்த்தார். வாட்ச்காரரைப் பார்த்தார். தீர்ப்பு சொல்லவே தேவையில்லை.

மத்தியானக் குறட்டைக்குள் என்ன நடந்ததென்று அப்போதுதான் வாட்ச்காரருக்கு உறைத்தது. ஆனாலும் மனிதர் மார்பைச் சுருக்கவில்லை. இன்னும் ஒரு அங்குலம் நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா ஐயா? முப்பது வருஷமா என் பக்கத்துல உக்காந்து, என்னைப் பாத்தே கத்துக்கிட்டா!"

"ஆமாங்க ஐயா" என்றாள் அவள், லென்ஸைக் கழற்றாமலே. "எதையெல்லாம் செய்யக் கூடாதுன்னு."