பட்டாணி லட்டு

பீங்கான் ஊரில் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இதைப் பீங்கானில் செய்தால் என்ன?' என்று கை அரிக்கும். விருத்தாசலத்தில் பொம்மை, கோப்பை, ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்து முடித்த பிறகும் எங்களுக்கு அந்த அரிப்பு அடங்குவதில்லை. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. மச்சினன் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பீங்கான் தேங்காய் செய்து கொடுத்தவன் நான். (சிலர் அதை உடைக்கப் பார்த்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தரையைத்தான் மாற்ற வேண்டியிருந்ததாம்.)

இத்தனைக்கும் எனக்கு மண் பிசையத் தெரியாது. ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் விற்பனை பார்க்கிறேன். அதாவது, மற்றவர்கள் செய்ததைப் பற்றி நான் பேசுவேன். பேசிப் பேசி, எல்லாம் நானே செய்தது என்ற நினைப்பு வந்துவிட்டது.

என் மனைவி கலைச்செல்வி மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாவட்டத்தின் தாவரவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அதற்காக ஓர் அதிகாரி வந்து அவள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். வெகுநாளாக அவள் ஆசைப்பட்ட வேலை அது. பாடம், பட்டாணிச் செடியில் பெற்றோரின் பண்புகள் பிள்ளைச் செடிக்கு எப்படிப் போகின்றன என்பது.

சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். "ரெண்டு டப்பா. ஒண்ணு அப்பா செடி, ஒண்ணு அம்மா செடி. ரெண்டுலயும் மஞ்சப் பட்டாணியும் பச்சைப் பட்டாணியும் பாதிப் பாதி. பசங்க கண்ண மூடிக்கிட்டு அதுலருந்து ஒண்ணு, இதுலருந்து ஒண்ணு எடுக்கணும். ஒரு மஞ்சள் வந்துட்டாலும் பிள்ளைச் செடி மஞ்சள்தான். ரெண்டுமே பச்சையா வந்தாத்தான் பச்சை."

"பட்டாணிக்கு எங்க போற?"

"மளிகைக் கடைக்கு."

எனக்கு நெஞ்சு வலித்தது. "வெளியூரு அதிகாரி வராரு. விருத்தாசலத்துல இருந்துக்கிட்டு கடைப் பட்டாணியக் காட்டுனா அவரு என்னா நெனைப்பாரு?"

"பட்டாணின்னு நெனைப்பாரு."

"நான் பீங்கான்ல செஞ்சு தரேன்."

"வாணாங்க."

அவள் அதை இன்னும் இரண்டு முறை சொன்னாள். நான் மூன்று முறை 'நீ பேசாம இரு' என்றேன். வகுப்பு காலையில் முதல் பீரியடு, அதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

கம்பெனியில் சொல்லி உருண்டைகளை உருட்டி ஒருமுறை சுட்டு வாங்கிவிட்டேன். மிச்சம் இருந்தது கிளேஸ் வேலை. பீங்கானுக்குப் பளபளப்பு தரும் பூச்சு அது. சூட்டில் கண்ணாடி போல உருகி, ஆறும்போது இறுகும். இதை வாடிக்கையாளர்களிடம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் சொல்லும் வாய்க்கும் மூளைக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. பாதிக்கு மஞ்சள், பாதிக்குப் பச்சை பூசி, எல்லாவற்றையும் ஒரே தட்டில் கல்யாண வீட்டுப் பூந்தி போலக் குவித்துச் சூளைக்கு அனுப்பினேன்.

"சார், ஒண்ணு மேல ஒண்ணு படாமத்தான வெச்சிருக்கீங்க?" என்று சூளை பார்க்கும் சேகர் கேட்டார். நான் போனில் ஒரு சேலத்துக்காரரிடம் எங்கள் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

மறுநாள் காலை சூளையைத் திறந்த சேகர் தட்டையே வெகுநேரம் பார்த்தார். "லட்டு ஆர்டர் ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா சார்?"

அத்தனை பட்டாணியும் ஒரே உருண்டையாகியிருந்தது. மஞ்சளும் பச்சையும் உருகி வழிந்து, நேற்று வைத்த சாம்பார் நிறத்தில் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருந்தன. சுத்தியலால் தட்டினேன். சுத்தியலின் பிடி கழன்றது. எங்கள் தரத்தைப் பற்றிச் சேலத்துக்காரரிடம் நான் பொய் சொல்லவில்லை.

லட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வண்டியை விரட்டினேன். அதிகாரி ஏற்கெனவே வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி வாசலுக்கு வந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த விளக்கம் எனக்கு மறந்துபோயிற்று.

"ஒட்டிக்கிச்சு" என்றேன்.

பைக்குள் பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்தபோது அதில் கோபம் இல்லை; கணக்குப் போடும் பார்வை இருந்தது. பையை வாங்கிக்கொண்டு, "போயி கடைசி பெஞ்சுல உக்காருங்க. பேசாதீங்க" என்றாள்.

லட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். வகுப்பே சிரித்தது.

"சிரிங்க. ரொம்ப காலமா எல்லாரும் இப்பிடித்தான் நெனைச்சிக்கிட்டு இருந்தாங்க. அப்பா குணமும் அம்மா குணமும் உருகி ஒண்ணாக் கலந்துடும்னு. பிரபு, வா. இதுலருந்து ஒரே ஒரு பச்சைய மட்டும் தனியா எடுத்துக் குடு."

பிரபு இழுத்தான், திருகினான், பல்லைக் கடித்தான். "வரல மிஸ்."

"வராது. கலந்தது கலந்ததுதான். மஞ்சச் செடியையும் பச்சைச் செடியையும் சேத்தா பிள்ளைங்க அத்தனையும் மஞ்சள். பச்சை காணாமப் போயிடுச்சு. ஆனா பேரப்பிள்ளைங்கள்ல பளிச்சுனு திரும்ப வருது. உருகிக் கலந்திருந்தா எப்பிடி வரும்?"

வகுப்பே லட்டை எட்டிப் பார்த்தது. கடைசி பெஞ்சும்தான். இத்தனை வருடம் பட்டாணி சுண்டல் தின்றும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது அவள் கைப்பைக்குள்ளிருந்து இரண்டு டப்பாக்கள் வெளியே வந்தன. மளிகைக் கடைப் பட்டாணி; பார்வைக்கு மஞ்சளாக இருந்தாலும் உள்ளே பச்சையையும் வைத்திருக்கும் அப்பா செடி, அம்மா செடி. நான் வாக்குக் கொடுத்த அன்றே வாங்கி வைத்துவிட்டாளாம். ("உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு. அதனாலதான் வாங்குனேன்" என்றாள் பிறகு.)

பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணை மூடி ஜோடி ஜோடியாக எடுத்தார்கள். கரும்பலகையில் மஞ்சளுக்கான கோடுகள் ஓடின. பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. முடிவில் ஏறக்குறைய மூன்று மஞ்சளுக்கு ஒரு பச்சை. இன்னும் நிறைய தடவை எடுத்தால் கணக்கு இன்னும் நெருங்கி வரும் என்றாள். மஞ்சளின் பின்னால் ஒரு தலைமுறை முழுக்க ஒளிந்திருந்த பச்சை, கரையாமல் வெளுக்காமல், ஜோடி சேர்ந்ததும் தலை நீட்டுகிறது. நான் அந்தப் பட்டாணியை வியந்தேனா, அதை இப்படிச் சொன்னவளை வியந்தேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அதிகாரி லட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அந்தப் பழைய தப்பான கொள்கைக்கு இதவிட நல்ல மாடல் நான் பாத்ததில்லம்மா. யார் செஞ்சது?"

அவள் கடைசி பெஞ்சைக் காட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் எழுந்து, "இது சாம்பிள்தான் சார். ஆர்டர் குடுத்தா இன்னும் நல்லாவே செஞ்சு தரலாம்" என்றேன்.

அந்தப் பயிற்சி வேலை கலைச்செல்விக்குக் கிடைத்தது. போகும் ஊருக்கெல்லாம் லட்டையும் எடுத்துப் போகிறாள். பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத வாத்தியார்கள்கூட 'லட்டு சார்' என்று எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

போன பொங்கலுக்குக் கல்லூரியிலிருந்து வந்த எங்கள் மகள் யாழினி, அம்மாவின் மூளை என்று சொந்தமெல்லாம் மெச்சும் பெண், தன் புதுச் சிவப்புச் சுடிதாரையும் என் வெள்ளை வேட்டிகளையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் போட்டாள். எல்லாம் ஒரே நிறத்தில் வெளியே வந்தன. கலைச்செல்வி அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒளிஞ்சிக்கிட்டு இருந்த உங்க பச்சை வெளிய வந்துடுச்சுங்க."

இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். "ஒரு பக்கத்துலருந்து மட்டும் வந்தா பச்சை வெளிய தெரியாது. ரெண்டு பக்கத்துலருந்தும் வரணும். நீ எடுத்த பாடம்தான். கடைசி பெஞ்சுல இருந்தாலும் நான் கவனிச்சேன்."

யாழினி கை தட்டினாள். கலைச்செல்வி ரோஸ் நிற வேட்டி ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள்.

"எங்கிட்ட இல்லன்னு யாரு சொன்னா? இல்லன்னா உங்களக் கட்டிக்கிட்டு இருப்பனா?"