குடை நர்சம்மா போட்ட ஊசி

மதுரை ஜில்லாவில் கையில் குடை இருந்தும் வெயிலில் கருகிப்போன ஒரே ஆள் எங்கள் குடை நர்சம்மாதான். எழுபதுகளின் கடைசியில் விளாங்குடியில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. அவர் பெயரைத் தெரிந்த வீடும் கிடையாது. ஒரு கையில் ஐஸ் போட்ட தடுப்பூசிப் பெட்டி, மறு கையில் குடை. குடை பெட்டிக்கு மட்டும்தான். தலைக்கு முந்தானைகூடப் போட மாட்டார். கேட்டால், வெயிலில் நான் கெட்டுப்போக மாட்டேன், மருந்துதான் கெட்டுப்போகும் என்பார்.

ஒருமுறை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பெட்டியைச் சூடேறிய என்ஜின் மூடிமேல் வைக்கச் சொல்லிவிட்டார். நர்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, வீட்டில் எத்தனையாவது மாதம் என்று கேட்டார். கண்டக்டர் தன்னையறியாமல் ஆறு என்றார். ஊசி போட்டாயிற்றா என்றார். இல்லை. மூன்று ஸ்டாப் தாண்டுவதற்குள் கண்டக்டர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, நிழல் பக்கமாகப் பெட்டிக்கு ஒரு ஸீட்டும் பிடித்துக் கொடுத்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். கண்டக்டரின் சட்டைப் பையில் புளிப்பு மிட்டாய் இருந்ததாம்.

இப்படிப்பட்டவரிடமிருந்துதான் என் மனைவியை ஒளித்துவைக்கப் பார்த்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. கடைசி ஆறு வருஷம் வைத்தியம். டாக்டரம்மா சொன்னபடி தினமும் காலையில் கண் விழித்ததும் மனைவியின் வாயில் தெர்மாமீட்டர் வைத்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பேன். மாதத்துக்கு ஒரு தாள். எழுபத்து மூன்றாவது தாளில் ஏறிய புள்ளி இறங்கவே இல்லை. மனைவி மாசமாகியிருந்தாள்.

நாலாம் மாதம் டாக்டரம்மா ரணஜன்னிக்கான டெட்டனஸ் ஊசி இரண்டு போட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தேன், எடுக்கவில்லை. அது கருத்தடை ஊசி, சர்க்கார் பேரை மாற்றிப் போடுகிறது, இருக்கிற கருவும் கலைந்துவிடும் என்று தெருக்குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர் சொன்னார்கள். டாக்டரம்மா ஒருவர்தானே?

ஆகவே விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சிக்கல் மாங்காயில் வந்தது. மனைவிக்கு தினமும் மாங்காய் வேண்டும். பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டிக்காரரிடம் ஊறுகாய்க்கு என்று சொல்லி, தினம் மூன்று வாங்கி டிபன் பைக்குள் மறைத்துக் கொண்டுவருவேன். ஐந்தாம் நாள் வாசலில் குடை நின்றது.

"தினம் மூணு மாங்காயில எந்த வீட்டுல சார் ஊறுகா போடுறாக?"

தள்ளுவண்டிக்காரர் நர்சம்மாவின் ஒற்றர். இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத்தான் ஊசி போடுவார்கள். என் பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை ஏற்றிவிட்டார். இருபது நிமிஷம் கொதிக்க வேண்டுமாம். நான் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பதினேழு கேள்விகள் முன்பே எழுதி வைத்திருந்தேன்.

நர்சம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இது கருத்தடை இல்லை. கருவைக் கலைக்காது. இதில் கிருமியே கிடையாது, விஷம் நீக்கிய மருந்து. தாய்க்குப் போட்டால் பிறக்கிற பிள்ளைக்கும் ஜன்னி வராது. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்கிற ஊசிகளும் உண்டு, அவற்றை மாசமாக இருப்பவர்களுக்கு நானே போடமாட்டேன் என்றார். வைத்தியத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைகளோடு சண்டை போடுமா என்றேன். அது மாத்திரையைத் தேடிக்கொண்டு போகாது என்றார்.

ஒன்பதாவது கேள்வி தாளில் இல்லாதது.

"இம்புட்டு வருஷம் கழிச்சு வந்த பிள்ளைம்மா. ஏதாச்சும் ஆயிட்டா?"

நர்சம்மா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் ஒரு வீட்டுல இதே ஊசிக்கு ரெண்டு தடவ போயிக் கேட்டேன் சார். வேணாம்னாக. திரும்பி வந்துட்டேன். பிள்ள நல்லாத்தான் பிறந்துச்சு, நல்லாத்தான் குடிச்சுச்சு. ஏழாம் நாளு ஜன்னி கண்டு வாயத் தொறக்க முடியல. அம்புட்டுப் பசி அதுக்கு. பாலு வெளிய வழியுது. பக்கத்துலயேதான் நின்னேன், ஒண்ணும் செய்ய முடியல. அதுலருந்து வேணாம்னா நான் திரும்பிப் போறதில்ல."

என் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டியபடி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க மிச்சத்தையும் கேட்டு முடிங்க. அம்மா, நீங்க போடுங்க. எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல."

இன்னும் நாலு நிமிஷம் கொதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மனைவிக்குக் கை வீங்கியது. டேப் வைத்து அளந்தேன், அரை அங்குலம். மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன், தொண்ணூற்று ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. நானூற்றுப் பத்து அடி ஓடி, பஸ் ஸ்டாப்பில் நின்ற நர்சம்மாவிடம் சொன்னேன். கை வலிக்கும், லேசாக உடம்பு காயும், இரண்டு நாளில் போய்விடும் என்றார்.

"அதுக்குள்ள அந்தத் தெர்மாமீட்டரு தேஞ்சிரும் சார்."

இரண்டாம் நாள் போயே விட்டது. அடுத்த ஊசிக்கு இருபத்தெட்டாம் நாள் காலை எட்டு மணிக்கே நான் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் நர்சம்மா, இப்படி ஒரு கர்ப்பிணியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. முதல் வாரம் அது எத்தனை தடவை பால் குடித்தது என்று குறித்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை வழக்கம்போலக் குடித்தது, கத்தியது, தூங்கியது.

எட்டாம் நாள் காலை நர்சம்மா வந்தார். அன்று அவருக்கு லீவு. குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டு குடித்தது. நான் பென்சிலை எடுத்தேன்.

"எண்ணாதிக சார். அது நிம்மதியாக் குடிக்கட்டும்."

பென்சிலைக் கீழே வைத்தேன். நர்சம்மா அங்கேயே அசையாமல் நின்று, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். நான் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டேன்.