ஆறு லட்சுமிகளை அழித்த டெக்னாலஜி ஹெட்

மண்டைக்குள் மூளை இருந்ததோ இல்லையோ, என் விசிட்டிங் கார்டில் 'டெக்னாலஜி ஹெட்' என்று இருந்தது. பதுளையில் ஒரு பார்மசிக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர். அதற்கொரு தலைவர் நான். (மற்ற மூவரும் தலையெழுத்தே என்று இருந்தார்கள்.) கஸ்டமர் போன் எடுத்துச் சந்தேகம் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கோபம் வந்தால்தான் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

லுணுகலையில் ஒரு பலசரக்குக் கடை எங்கள் பில் சாப்ட்வேரை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தது. அவர்கள் எடுத்தால் டவுனில் மற்றக் கடைகளும் எடுக்கும். எடுக்காவிட்டால் ஆபீஸை மூட வேண்டியதுதான்.

மூன்றாம் நாளே கடை முதலாளியம்மா போன் பண்ணினார். "தம்பி, ஒரே பேரு ரெண்டாவது தடவ ஏற மாட்டேங்குதே."

பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சனிக்கிழமை, கடை நிறையத் தேயிலைத் தோட்டத்துச் சனம். கம்ப்யூட்டரைப் பார்த்தால் வாடிக்கையாளர் பட்டியலில் ஏழு லட்சுமி. நான் வருவதற்குள் அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்து, இரண்டாம் லட்சுமிக்கு ஒரு புள்ளி, மூன்றாம் லட்சுமிக்கு இரண்டு புள்ளி என்று வைத்து ஏற்றியிருந்தார். (என்னைவிட அவருக்குத்தான் மூளை.)

"ஒரே ஆள எதுக்கு ஏழு தடவ போட்டிருக்கீங்க? புள்ளி வச்சுக் கோலமா போடுறீங்க?"

"ஏழும் வேற வேற ஆளு தம்பி. மேல் லயத்துல மட்டும் ரெண்டு லட்சுமி..."

"மெஷினுக்கு மேல் லயம் கீழ் லயமெல்லாம் தெரியாது. இதெல்லாம் குப்பை" என்று கத்திவிட்டு, ஆறு லட்சுமிகளை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அதே மாதிரி தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது?

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நானும் கொழுந்து எடுத்தவதான் தம்பி. காலையில பெரட்டுல நிக்க வச்சு வேலை பிரிக்கிறப்ப தோட்டத்து தொரை ஏசுவாரு, வாங்கிக்குவோம். அவரு எங்களுக்குச் சம்பளம் குடுத்தாரு. ஒங்களுக்கு நான்ல குடுக்கணும்? ஒங்க மெஷினக் கழட்டிக்கிட்டுப் போங்க."

வயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால், வரிசையில் மூன்றாவதாகச் சீனிப் பையோடு நிற்கிறார் என் மாமியார். பெயர் லட்சுமி. கல்யாணமாகி எட்டு மாதத்தில், எந்தக் கடையில் சாமான் வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டிருப்பேனா?

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ள?" என்றார்.

அடுத்த மாதம் ஆபீஸை மூடினோம். என் வாயால் அந்த மூன்று பேருக்கும் வேலை போனது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது வேறொரு கம்பெனியில் கஸ்டமர் போனை எடுக்கிற ஆள் நான். ஏசுகிறார்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆபீஸில் படுவது போதாதென்று வீட்டிலும் உண்டு. மாமியார் போன் பண்ணினால் என் மனைவி உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், வந்திருக்கிற விருந்தாளிக்கும் கேட்கட்டும் என்று.

"மாப்பிள்ள, நீங்க அழிச்ச ஆறுல ஒருத்தி பேசுறேன்."