இருபத்து மூன்று வரவே இல்லை

மதிப்புக்கும் பயத்துக்கும் சம அளவில் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ போன் பண்ணுவாய், ஆகவே அந்த வரியை விட்டுவிட்டுச் செய்திக்கு வருகிறேன். இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கல்லூரி முதலாமாண்டில் சேர்ந்து, காலை எட்டரை மணி வகுப்புக்கு ஒருநாள் தவறாமல் போய், கடைசி பெஞ்சின் இடது ஓரத்தை என் உடம்பாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கிய நான், இந்தக் கல்லூரிக்கு ஐம்பது நாளில் ஒன்பது நாள் மட்டுமே வந்திருக்கிறேன் என்று துறை அலுவலகம் கண்டுபிடித்திருக்கிறது. சிரிக்காதே. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ கத்துவாய், கடிதத்தில் நான் மட்டும்தான் கத்த முடியும். கத்தப் போகிறேன்.

முதல் நாள் எங்களையெல்லாம் பெரிய அரங்கத்தில் உட்கார வைத்து முதல்வர் பேசினார். "நீங்க ஒவ்வொருத்தரும் தனித்துவம் உள்ளவங்க, உங்களை மாதிரி இன்னொருத்தர் கிடையாது" என்றார். எனக்குப் புல்லரித்தது. அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு எண்ணைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் இருபத்து மூன்று. "இனி உங்க வாழ்க்கைக்கு நீங்களே பொறுப்பு" என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். இந்த லட்சணத்தில் ஆரம்பித்த இடம்தான் இது.

ஹாஸ்டல் அறையையும் எண் வரிசையில்தான் கொடுத்தார்கள். ஆக இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை ஐந்து பேர் ஒரே அறை. இருபத்தொன்று கொட்டாவி, பேச வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். இருபத்திரண்டு பீப்பாய், தொண்டைக்குள் யாரோ மேசையை இழுப்பது போல் குரல். நடுவில் நான். இருபத்து நான்கு விசில், பெயரே போதும். இருபத்தைந்து மூக்கடைப்பு, பருவம் எதுவானாலும் அவனுக்கு ஜலதோஷம். நால்வருக்கும் எட்டரை மணி என்பது நடுத்தூக்கம். எனக்காக ப்ராக்ஸி சொல்லுடா என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள், அக்கா. என் திறமைதான் உனக்குத் தெரியுமே, அப்பா குரலில் பேசி உன் பள்ளிக்கூடத்துக்கே லீவு கேட்டவன் நான். நட்புக்காக இரங்கினேன்.

எங்கள் விரிவுரையாளர் வருகைப் பதிவேட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டார். எண்ணைச் சொல்வார், சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி, சுவரிலிருந்து பல்லி பதில் சொன்னாலும் கோடுதான். "இருபத்தொன்னு." நான் கொட்டாவியோடு "ஆ... எஸ் சார்." "இருபத்திரெண்டு." அடிவயிற்றிலிருந்து "எஸ் சார்!" அப்புறம் உடனே விசிலின் உச்சக் குரலுக்குத் தாவ வேண்டும், கட்டையிலிருந்து கீச்சுக்கு ஏற ஒரு மூச்சு வேண்டாமா? அந்த மூச்சை வாங்கும் நேரத்தில்தான் "இருபத்து மூணு" என்று ஒரு எண் காற்றில் போய்விடுகிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை. ஆளே முழுசாக எதிரில் உட்கார்ந்திருக்கிறேனே, என்னை எப்படி வரவில்லை என்று போடுவார்கள் என்ற நினைப்பு. நேற்று அறிவிப்புப் பலகையில் தேர்வெழுதத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். ஒரே எண். எவன்டா அந்த அதிர்ஷ்டக்காரன் என்று ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்புறம் பீப்பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டேய், அது நீடா" என்றான்.

அந்த நான்கு தூங்குமூஞ்சிகளுக்கும் நூறு சதவீதம்! எனக்குப் பதினெட்டு! அவர்கள் எழுந்து வந்த அந்த ஒன்பது நாளில்தான் நான் எனக்காக வாயைத் திறந்திருக்கிறேன். அவர்கள் வந்தால் நான் இருக்கிறேன், அவர்கள் வராவிட்டால் நானும் இல்லை. எந்த ஊர் நியாயம் இது?

நேராக விரிவுரையாளர் அறைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருப்பா நீ?"

"இருபத்து மூணு சார்."

"அப்படியா. உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க யாரையுமே பார்த்ததில்ல சார். நான் தினமும் வந்தேன்."

"வந்தவன் ஏன் பதில் சொல்லல?"

இதற்கு என்ன சொல்ல? வேறு நாலு பேராக இருந்ததால் நானாக இருக்க நேரமில்லை சார் என்றா? "தொண்டை சரியில்ல சார்" என்றேன்.

"நாப்பத்தோரு நாளும்?"

"ஆமா சார்."

"சரி, நீ வந்ததைப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா."

முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "சாரி, நான் திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்ல" என்றாள். கடைசி இரண்டு பெஞ்சுக்காரர்கள் தினமும் நான் குரல் மாற்றுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள். "எங்களை இழுக்காதடா, அப்போ எதுக்குச் சிரிச்சீங்கன்னு கேப்பாரு" என்று நழுவிவிட்டார்கள். எனக்குக் கடன்பட்ட அந்த நான்கு பேரோ சாட்சி சொல்லவே முடியாது. நான் வகுப்பில் இருந்தேன் என்று சொல்ல, அவர்கள் வகுப்பில் இருந்திருக்க வேண்டுமே! நேற்று மதியம் முதல் என் கண்ணில் படாமல் திரிகிறார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள். நாளை எண் வரிசையில் நால்வர் கழுத்தையும் திருகப் போகிறேன்.

சாட்சி இல்லாமல் திரும்பிப் போனபோது விரிவுரையாளர், "வெள்ளிக்கிழமை கார்டியனைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உக்காந்து எழுது" என்றார். அப்போது எனக்கு வந்ததே கோபம்! மேசையில் ஓங்கித் தட்டினேன். "சார், நான் எண்ணா, மனுஷனா? பதினெட்டு வயசு முடிஞ்சவன் சார் நான். ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம், ஆனா வகுப்புல இருந்தேன்னு சொல்ல எங்க அக்கா வரணுமா? எதிர்ல இருக்கிறவனைப் பார்க்காத கண்ணுக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று முழங்கிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். வராந்தாவே அதிர்ந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் படிவத்தில் கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நீதான். அப்பா அன்று அச்சகத்தை விட்டு வரவில்லை. ஆனால் கிளம்பும்போது அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து என்னோட மெஷின்ல நில்லு." அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும், அக்கா. எவ்வளவு திட்டினாலும் இங்கேதான். நீ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் வேலை பார்ப்பது எதற்காக, இப்படி ஒரு நாளுக்காகத்தானே? இந்த நோயாளிக்கு நாற்பத்தொரு நாள் காலை எட்டரை முதல் எட்டு நாற்பது வரை மட்டும் குரல் எழும்பவில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்துவிடு. டாக்டர் ஏன் எதற்கு என்று கேட்டால், அபூர்வமான கேஸ் என்று சொல். வெள்ளிக்கிழமை பத்து மணி. அப்பாவுக்கு மூச்சு விடாதே.

மாமாவுக்கு என் வணக்கம். குட்டிக்கு முத்தம், அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போகாமல் நிம்மதியாக இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
இருந்தும் இல்லாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது பிரித்து எழுதுகிறேன். சான்றிதழ் வேண்டாம். டாக்டரிடம் கேட்டுத் தொலைக்காதே.

கடிதத்தோடு துறை அலுவலகம் வழியாக வந்தேன். விரிவுரையாளர் அறைக்குள் நாலு குரல் கேட்டது. எந்தக் குரல் யாருடையது என்று எனக்கா தெரியாது?

"அவன் வந்தான் சார். நாங்கதான் வரல" என்றான் பீப்பாய்.

"நீங்களே வரலன்னா, அவன் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் ஏழரைக்கு எங்களை எழுப்பிப் பார்த்துட்டு, திட்டிட்டுக் கிளம்பிப் போவான் சார்." இது விசில்.

"அப்போ உங்க நம்பருக்கு யாரு எஸ் சார் சொன்னது?"

மூக்கடைப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எங்களுக்கு எப்படி சார் தெரியும், நாங்கதான் இல்லையே" என்றான்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "நான்தான் சார்" என்றேன். இப்போது ஐந்து பேருக்கும் வெள்ளிக்கிழமைதான் முடிவு. ஐந்து கார்டியன்கள் வருகிறார்கள். விரிவுரையாளர் முதன்முறையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அது அவ்வளவு சுகமாக இல்லை.

இன்னும் இரண்டு விஷயம், வெள்ளிக்கிழமை அவரே உன்னிடம் சொல்லிவிடுவார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நான் மேசையைத் தட்டவில்லை. "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன், இரண்டு தடவை. கதவையும் சத்தம் வராமல் சாத்தினேன். அந்த முழக்கமெல்லாம் படிக்கட்டு இறங்கும்போது எனக்குள் பேசியது.

இரண்டாவது, அவர்கள் ப்ராக்ஸி சொல்லச் சொல்லிக் கெஞ்சவில்லை. "வரலன்னா வரலன்னு போடட்டும்டா" என்றுதான் முதல் நாளே சொன்னார்கள். அறுபது பேர் இருக்கிற அந்த வகுப்பில் யாராவது என் பக்கம் திரும்பியது நான் குரல் மாற்றும்போது மட்டும்தான், அதனால் விடவில்லை. கெஞ்சினார்கள் என்று எழுதியது முழுப்பொய்யும் இல்லை, அக்கா. நிறுத்தச் சொல்லித்தான் கெஞ்சினார்கள்.