எறும்பு காட்டிய வழியில் போன தேர்

மாதா துணை
இராயபுரம், திங்கட்கிழமை

என் மதிப்பிற்குரிய ஃப்ளோரா அண்ணிக்கு, உங்கள் தம்பி வில்சனின் மனைவி ஜூடி தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் இன்னாசி அண்ணனுக்குக் காலில் போட்ட மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள் என்று விசாரிக்கவும் முகம் இல்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை, நாலு தெரு தள்ளி நடந்து வந்து உங்கள் வாசலில் நிற்க எனக்குத் தைரியமில்லை, அதனால் இத்தனை கிட்டத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறேன்.

மாதா தேர் உங்கள் தெருவுக்கு வராமல் போனதற்கு முன்னால் நின்று தேரை நடத்திய ராசையா அண்ணனோ வடம் பிடித்த பிள்ளைகளோ காரணமில்லை அண்ணி. காரணம் நான். ஞாயிறு மாலை கோயில் பின்கட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மீன் கழுவும்போது போனைச் சன்னலில் சாத்திவைத்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட பைத்தான் புரோகிராம்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை. இயற்கையைப் பார்த்து மனுஷன் போட்ட கணக்குகள் என்று ஒரு பாடம் வந்தது. அதில் எறும்பைப் பற்றிச் சொன்னேன். எறும்பு போகிற வழியெல்லாம் வாசனை வைத்துவிட்டுப் போகும், பின்னால் வருவது வாசனை அதிகமான வழியில் போகும், யாரும் போகாத வழியின் வாசனை ஆறிப்போகும், கடைசியில் சீக்கிரம் போய்ச் சேருகிற வழி தானே மிஞ்சும் என்றேன். சர்வேசுரனின் ஞானம் சின்ன எறும்பிலும் இருக்கிறது என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். அங்கேதான் தலைக்கனம் ஏறியது.

போன வருஷம் தேர் திரும்ப நேரமாகி, பேண்டுக்காரர்கள் பாதியில் போய்விட்டார்கள் அல்லவா, இந்த வருஷம் சீக்கிரம் திரும்புகிற வழி வேண்டும் என்று செல்வநாதன் ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்தார். மகிழினி என்ற பெண், கெட்டிக்காரி, "எறும்பு கைல உட்ருலாம் மிஸ்" என்றாள். பிள்ளைகளே எறும்பு. கோயில் வாசலில் புறப்பட்டு இஷ்டப்பட்ட தெருக்களில் நடந்து கோயிலுக்கே திரும்ப வேண்டியது, நடந்த தெருக்களைப் புரோகிராமில் ஏற்ற வேண்டியது. வாசனை நின்ற தெருக்களை வைத்து அது ஒரு வழி போட்டுக் கொடுத்தது. நான் அதை அச்செடுத்து ஃபாதரிடம் நீட்டினேன். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சா?" என்று கேட்டு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தேர் என்பது சீக்கிரம் வீடு திரும்புகிற வண்டி இல்லை, எல்லோர் வாசலுக்கும் வருவதற்குத்தான் மாதா புறப்படுகிறாள் என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லையே அண்ணி.

உங்கள் தெரு முனையில் ராசையா அண்ணன் வடத்தை நிறுத்தினார். "இன்னாமா, ஃப்ளோரா வூட்டாண்ட திரும்ப வாணாவா? இன்னாசி கால ஒட்ச்சிக்கினு குந்திகினு கீறான்" என்றார். "பேப்பர்ல இல்லையேண்ணே" என்றேன். "பேப்பருக்கு இன்னா தெரியும்?" என்றார். அத்தனை பேர் முன்னால், அண்ணி, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, இழுங்க!" என்றேன். குரல் உயர்த்தியே சொன்னேன். தேர் நேரே போய்விட்டது. அண்ணன் புது வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கையில் மாலையோடு பேண்டுச் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று மறுநாள் உங்கள் தம்பி சொன்னார்.

காசிமேட்டில் நீங்கள், "எங்க வூட்டுக்கு மாதா வர்ல, எறும்புதான் வந்துகினு கீது" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லுங்கள், தகும். மீன்காரி கெங்கம்மா என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா, இந்த சங்கரா எந்த வழியா வந்துச்சுனு உன் எறும்பாண்ட கேட்டு சொல்லேன்" என்கிறாள். உங்கள் தம்பியோ வேலைக்குப் புறப்படும்போது, "நான் எந்தத் தெருவுல போவட்டும்மா?" என்று உத்தரவு கேட்கிறார். எங்கே தப்பு என்று புரோகிராமைத் துருவிப் பார்த்தேன். வாசனை ஆறுகிற வேகத்தை நான்தான் கூட்டி வைத்திருக்க வேண்டும். எறும்புக்கு மறதியைக் கொடுத்தவள் நான். கம்ப்யூட்டருக்கு மேல் பழி போட மாட்டேன். இனி அந்த வகுப்பை எடுக்கப் போவதில்லை, சொந்தக்காரர் தெருவையே மறந்தவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

அண்ணன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதா உங்கள் வீட்டை அவள் மேலாடையால் மூடிக் காப்பாளாக. சின்னவள் ரேச்சலுக்கு முத்தம்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
ஜூடி வில்சன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகிழினி வந்தாள். வகுப்பை விடுகிறேன் என்றதும் அழுதுவிட்டாள். "மிஸ், நம்பர்லாம் கரீட்டுதான். ஃப்ளோரா ஆன்ட்டி தெருவுல ஒரு எறும்புகூட நடக்கல. ஜிம்மி தொரத்துது மிஸ். ஜெரி பேன்ட்டே கிழிஞ்சி பூட்ச்சி. உங்க சொந்தமாச்சேனு சொல்லல" என்றாள். ஆக அண்ணி, உங்கள் தெருவை மறக்கடித்தது எறும்பும் இல்லை, நானும் இல்லை, உங்கள் வீட்டு நாய்! ராசையா அண்ணனிடம் கத்தியது மட்டும் என் பாவம், அதற்குக் கேட்ட மன்னிப்பு அப்படியே நிற்கட்டும், மற்றதை ஜிம்மி பேருக்கு எழுதிக்கொள்ளுங்கள். கையோடு ஓடிப்போய்க் கேட்டேன், ஃபாதர் சம்மதித்துவிட்டார், வரும் ஞாயிறு சின்ன மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அதே பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. தயவுசெய்து ஜிம்மியைக் கட்டிப்போடுங்கள்.